வேதசாட்சியான கெத்தேவான் அரசி



பழைய கோவாவுக்குத் திருயாத்திரை போய் வந்தவர்கள் உங்களில் பலர் உண்டு. 2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரை அர்ச். சவேரியாரின் திருச்சரீரம் பொதுத் தரிசனத்துக்கு வைக்கப்பட்டிருந்தபோது, கைக்குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் அங்கே சென்று வரிசையில் காத்து நின்றவர்களும் உண்டு. அப்படிப் போனவர்கள், போம் சேசு ஆலயத்திலிருந்து சிறிது தூரத்தில், ஒரு குன்றின்மேல் தனியே நிற்கும் உடைந்த கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். செம்பூரான் கல்லினால் கட்டப்பட்ட அக்கோபுரம் சுமார் 46 மீட்டர் உயரம் உள்ளது. பாதி விழுந்து, பாதி நிற்கிறது. அதனடியில் கூரையில்லாத சுவர்களும், தரையில் பதித்த கல்லறைக் கற்களும் கிடக்கின்றன. அர்ச். அகுஸ்தீனார் சபைக் குருக்களின் கிருபை மாதா மடமும் ஆலயமும் இருந்த இடம் அது.

அந்த இடிபாடுகளுக்குள், ஒரு சாளரத்தின் அருகே, ஒரு கல்பெட்டியில் ஓர் அரசியின் வலக்கரத்து எலும்பு பல நூறு ஆண்டுகள் இருந்தது. அவள் நம் தேசத்தவள் அல்லள். போர்த்துக்கல் தேசத்தவளும் அல்லள். கருங்கடலுக்கும் காக்கசு மலைகளுக்கும் அருகிலுள்ள ஜார்ஜியா என்னும் சிறு நாட்டில் பிறந்து, பாரசீக தேசத்து ஷிராஸ் நகரில் கிறிஸ்துவுக்காக உயிர் கொடுத்தவள். அவள் பெயர் கெத்தேவான். அவளுடைய சீவியத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு காரியத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. கெத்தேவான் அரசி உரோமாபுரிப் பாப்பரசரின் ஆளுகைக்குள் இருந்த சபையைச் சேர்ந்தவள் அல்லள். அவள் ஜார்ஜிய நாட்டின் பழைய கீழைத் திருச்சபையில் பிறந்து, வளர்ந்து, மரித்தவள். நம்முடைய திருநாட் குறிப்பில் அவள் பெயர் இல்லை. அப்படியிருக்க, நம் பங்குத்தாளில் அவளுக்கு இடம் ஏன் என்று உங்களில் யாரேனும் கேட்கலாம். நம்மிலிருந்து பிரிந்திருக்கும் சகோதரரிடையே, இரத்தம் சிந்தும் அளவுக்குக் கிறிஸ்துவுக்குச் சாட்சி கொடுத்தவர்களை நாம் மகிழ்ச்சியோடு மதித்துப் போற்றவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் நமக்குக் கற்பித்தது. அச்சங்கத்துக்கு 340 ஆண்டுகளுக்கு முன்பே, நம் சபையைச் சேர்ந்த எளிய குருக்கள் சிலர் தங்கள் உயிரைப் பணயம் வைத்து அதைச் செய்து காட்டினார்கள். ஆகவே இவ்வரசியின் கதை, அவளுடைய கதையாக இருப்பதுபோலவே நம் குருக்களின் கதையாகவும் இருக்கிறது.

ஜார்ஜியர் தங்கள் நாட்டைச் சக்கார்த்வேலோ என்று அழைக்கிறார்கள். 4-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே வேதம் பரவிற்று. அர்ச். நீனோ என்னும் கன்னிகை அங்கு வந்து, மிரியான் அரசனையும் அவன் குடும்பத்தையும் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்தாள். திராட்சைக் கொடியின் இரு கிளைகளைத் தன் கூந்தலால் கட்டி அவள் சிலுவை செய்தாள் என்பது அந்நாட்டாரின் பரம்பரை. கைகள் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த அச்சிலுவை இன்றும் அவர்கள் ஆலயங்களில் காணப்படுகிறது. திராட்சை அவர்களுக்கு வெறும் பயிர் அன்று. மண்ணுக்குள் புதைத்த பெரிய சாடிகளில் அவர்கள் இரசம் இறக்கும் முறை மிகவும் தொன்மையானது. அவர்களுடைய மொழிக்கும் தனி எழுத்து உண்டு. இன்று வழங்கும் அவ்வெழுத்துக்கள் 33. அதன் பழைய வடிவம் 5-ஆம் நூற்றாண்டிலேயே ஆலயச் சுவர்களில் செதுக்கப்பட்டது. மொழி, எழுத்து, திராட்சை, சிலுவை ஆகிய இந்நான்கையும் ஒன்றாகப் பின்னிக்கொண்டதே அந்தச் சனம்.

ஆனால் அவர்களுடைய நாடு இருந்த இடம் ஆபத்தானது. மேற்கே துருக்கியரின் பேரரசு. தெற்கே பாரசீகரின் பேரரசு. இவ்விரு யானைகளின் நடுவே அகப்பட்ட ஜார்ஜியா, 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்த்தலி, காகேத்தி, இமெரேத்தி என்று மூன்று இராச்சியங்களாகப் பிரிந்துபோயிற்று. பிரிந்த வீட்டை அயலான் எளிதில் கொள்ளையிடுவான் அன்றோ? 1555-ல் துருக்கியரும் பாரசீகரும் உடன்படிக்கை செய்து அந்நாட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டபோது, கிழக்குப் பகுதி பாரசீகரின் ஆதிக்கத்தில் விழுந்தது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த காகேத்தியும் அதற்குள் அடங்கிற்று.

இக்காலத்தில், ஏறத்தாழ 1560-ஐ அடுத்த ஆண்டுகளில், முக்ரானிச் சிற்றரசனான அஷோத்தான் என்பவனுக்கு மகளாகக் கெத்தேவான் பிறந்தாள். அந்நாட்டைப் பல நூற்றாண்டுகள் ஆண்ட பாக்ரத்தியோனி வம்சமே அவளுடைய வம்சமும். வயது வந்தபோது காகேத்தி அரசன் இரண்டாம் அலெக்சாந்தரின் மகனான தாவீதுக்கு மனைவியானாள். 1589-ல் அவர்களுக்குத் தெய்முராஸ் என்னும் மகன் பிறந்தான்.

அவள் வாழ்க்கைப்பட்ட வீடு பக்தியும் சமாதானமும் நிறைந்த வீடு என்று எண்ணவேண்டாம். அவளுடைய கணவன் தாவீது 1601-ல் தன் தந்தையையே அரியணையிலிருந்து விலக்கிவிட்டுத் தானே முடிசூடிக்கொண்டான். அடுத்த ஆண்டே அவன் இறந்துபோனான். கிழவனான அலெக்சாந்தர் மறுபடியும் அரசனானான். கெத்தேவான் கைம்பெண் ஆனாள். அவள் அரண்மனைச் சூழ்ச்சிகளில் தலையிடாமல், ஆலயங்களைக் கட்டுவதிலும் ஏழைகளுக்கு உதவி செய்வதிலும் தன் நாட்களைச் செலவிட்டாள்.

அந்த அமைதி நெடுநாள் நீடிக்கவில்லை. அலெக்சாந்தரின் இன்னொரு மகன் கொன்ஸ்தந்தீன், இளம் பருவத்திலேயே பாரசீக அரண்மனைக்குப் பிணையாக அனுப்பப்பட்டவன். அங்கே வளர்ந்து, அங்கத்திய மதத்தைத் தழுவி, ஷா அப்பாஸ் மன்னனின் கருவியாகிவிட்டான். அம்மன்னனின் ஏவுதலால் 1605 மார்ச் மாதத்தில் பாரசீகப் படையோடு வந்து, தன்னைப் பெற்ற தந்தையையும் உடன்பிறந்த சகோதரன் ஜார்ஜையும் கொன்று, காகேத்தியின் அரியணையில் ஏறினான். ஒரு குழந்தையைப் பிறர் கையில் ஒப்புவிப்பதனால் என்ன விளையும் என்பதற்கு இதைக்காட்டிலும் கொடிய சாட்சியம் வேறென்ன வேண்டும்?

அப்போது, ஏழை எளியவருக்கு உதவிக்கொண்டிருந்த அந்தக் கைம்பெண் எழுந்தாள். காகேத்தியின் பிரபுக்களை ஒன்றுகூட்டினாள். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் நடந்த போரில் கொன்ஸ்தந்தீன் தோற்றுக் கொல்லப்பட்டான். அதன்பின் அவள் செய்தவற்றைத்தான் நாம் கவனிக்கவேண்டும். தோற்ற பக்கத்தாரைப் பழிவாங்க அவள் விடவில்லை. காயப்பட்டுக் கிடந்த பகைவரின் வீரர்களுக்கு மருத்துவம் செய்வித்தாள். விரும்பியவர்களைத் தன் சேவகத்திலே சேர்த்துக்கொண்டாள். போரினால் நஷ்டமடைந்த முகமதிய வியாபாரிகளுக்கு நஷ்டத்தை ஈடுசெய்து அனுப்பிவைத்தாள். தன் மாமனாரையும் மைத்துனனையும் கொன்றவனுடைய உடலுக்கும் உரிய மரியாதை செய்து, பாரசீகத்துக்கு அனுப்பிவைத்தாள். இச்செய்திகளை நமக்கு எழுதிவைத்தவர் அகுஸ்தீனார் சபைக் குருவாகிய அம்புரோசியோ தோஸ் அஞ்சோஸ் சுவாமி ஆவார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் ஷிராசில் அவள் காட்டிய உறுதி திடீரென்று முளைத்தது அன்று என்பதை இதிலே காண்கிறோம். வெற்றி பெற்ற நாளில் இரக்கம் காட்டக் கற்றவளே, தோல்வியின் நாளில் கலங்காமல் நின்றாள்.

கொன்ஸ்தந்தீன் மாண்டபின் ஷா அப்பாசும் நிலைமையை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கெத்தேவானின் வேண்டுகோளின்படி அவள் மகன் தெய்முராஸ் அரசனாக ஏற்றுக்கொள்ளப்பட்டான். அவனுக்குப் பதினாறு பதினேழு வயதுதான். ஆகவே அவன் பக்குவம் அடையும்வரை தாயே அவன் பெயரால் நாட்டை நடத்தினாள்.

ஷா அப்பாசைப்பற்றியும் நியாயமாகச் சில வார்த்தை சொல்லவேண்டும். 1588 முதல் 1629 வரை ஆண்ட அவன், கிறிஸ்தவர் எல்லாரையும் ஒரேயடியாக வெறுத்தவன் அல்லன். 1602 முதல் அகுஸ்தீனார் சபைக் குருக்கள் அவன் தலைநகரான இஸ்பகானில் தங்கியிருந்தார்கள். அர்மேனியக் கிறிஸ்தவர்களைத் தன் தலைநகருக்கு அருகே குடியேற்றி, அவர்கள் தங்கள் ஆலயங்களைக் கட்டிக்கொள்ள இடங்கொடுத்தவனும் அவனே. ஆயினும் அந்த அர்மேனியரை அவர்கள் ஊர்களிலிருந்து பலவந்தமாய்ப் பெயர்த்து வந்தவனும் அவனே. அவன் சமயத்தை ஆட்சியின் ஆயுதமாகப் பிரயோகித்தான். தன் எல்லையில் இருக்கும் அரசர்கள் தன் சமயத்தைத் தழுவினால் தனக்குக் கீழ்ப்படிவார்கள். தழுவாவிட்டால் துருக்கியரோடும் உருசியரோடும் சேர்ந்துவிடுவார்கள் என்பது அவன் கணக்கு. ஆகவே இதைப் படித்துவிட்டு, நம் அயலில் வாழும் முகமதிய சகோதரர்மேல் உங்கள் உள்ளத்தில் கசப்பு உண்டாக இடங்கொடாதீர்கள். ஆத்துமங்களைத் தங்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள நினைத்த அரசர்கள் எல்லாச் சமயத்திலும் இருந்தார்கள்; நம்முடையதிலும் இருந்தார்கள்.

1614-ல் ஷா அப்பாஸ் பெரும்படையோடு காகேத்தியின்மேல் வரத் தயாரானான். தெய்முராசின் கீழ்ப்படிதலுக்கு அடையாளமாகப் பிணையாட்களை அனுப்பும்படி கேட்டான். போரைத் தடுக்க வேறு வழி காணாத தெய்முராஸ், தன் தாயையும் தன் மகன் அலெக்சாந்தரையும் அனுப்பினான். அதுவும் போதாதென்று ஷா கேட்க, மற்ற மகன் லெவானும் அனுப்பப்பட்டான். இளம் பருவத்தில் பிணையாகப் போன கொன்ஸ்தந்தீனுக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த வீட்டில் அறியாதவர் யார்? அப்படியிருந்தும், தன் சனத்துக்குச் சமாதானம் கிடைக்கும் என்று எண்ணி அந்த மூதாட்டி புறப்பட்டாள். தன் பேரப்பிள்ளைகளோடு அவள் தன் நாட்டின் மலைகளைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அவள் செய்த தியாகத்தால் போர் நிற்கவில்லை. ஷா அப்பாஸ் காகேத்திக்குள் புகுந்தான்; தெய்முராஸ் மேற்கே இமெரேத்திக்கு ஓடினான். மக்கள் கலகம் செய்தார்கள். 1616-ல் ஷா மறுபடியும் வந்து அந்நாட்டைப் பாழாக்கினான். ஆயிரமாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வீடுகளிலிருந்து பெயர்க்கப்பட்டுப் பாரசீகத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வெறுமையான இடங்களில் வேறு குலத்தாரைக் குடியேற்றவும் ஏற்பாடாயிற்று.

ஷிராஸ் நகரில் சிறையிருந்த பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளைகளும் பிரிக்கப்பட்டார்கள். அவ்விரு சிறுவரும் இஸ்பகானுக்குக் கொண்டுபோகப்பட்டு, தங்கள் வம்சம் தழைக்காதபடி கொடிய முறையில் ஊனமாக்கப்பட்டார்கள். இருவரில் ஒருவரும் தாய்நாடு திரும்பவில்லை. இவற்றையெல்லாம் அரசி அங்கே சிறையிருந்த நிலையிலே சகிக்கவேண்டியதாயிற்று. கணவன் இல்லை, மகன் தூரத்தில், பேரர்கள் இல்லை, நாடு சாம்பலாயிற்று. செபமும் உபவாசமும் மாத்திரமே அவளுக்கு மீந்திருந்தன. பத்து ஆண்டுகள் அவள் அப்படியே வாழ்ந்தாள்.

தெய்முராஸ் பணியவில்லை. தன் நாட்டை மீட்கத் துருக்கியரிடமும் உருசியரிடமும் உதவி தேடினான். அவன்மேல் கொண்ட கோபத்தை ஷா அப்பாஸ் அவன் தாயின்மேல் தீர்த்துக்கொண்டான். கிறிஸ்து வேதத்தை விட்டுத் தன் சமயத்தைத் தழுவும்படி அவளுக்குக் கட்டளை வந்தது. இணங்கினால் மானமும் செல்வமும் உண்டு. இணங்காவிட்டால் சித்திரவதையும் மரணமும் உண்டு. இக்கட்டளையை நிறைவேற்றவேண்டியவன் ஷிராசின் ஆளுநனான இமாம் குலி கான். இவன் யார் என்று நினைக்கிறீர்கள்? இவனுடைய தந்தை அல்லாவெர்தி கான் ஜார்ஜிய நாட்டிலே கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பாரசீகரின் கையில் அகப்பட்டு, அவர்கள் சமயத்தில் சேர்ந்து, பெரிய சேனாதிபதியாக உயர்ந்தவன். அரசியும் அவளைக் கொல்லவேண்டியவனும் ஒரே மண்ணின் வழிவந்தவர்கள். ஒருவன் குடும்பம் ஒரு தலைமுறையில் கொடுத்துவிட்டதை, அந்த மூதாட்டி கொடுக்க மறுத்து நின்றாள்.

அன்பார்ந்த பெற்றோரே, இந்த இடத்தில் சற்றே நில்லுங்கள். அக்காலத்தில் ஜார்ஜியாவின் அரசர்களிலும் பிரபுக்களிலும் பலர் வெளிக்கு ஒரு சமயமும், வீட்டுக்குள் வேறொரு சமயமுமாக வாழ்ந்தார்கள். பதவிக்காக முகமதியப் பெயர் வைத்துக்கொண்டு, இரவில் சிலுவை வரைந்துகொண்டவர்கள் உண்டு. அவர்களைச் சர்வேசுரன் எப்படித் தீர்த்தாரோ, நாம் அறியோம். கெத்தேவானும் அப்படிச் செய்திருக்கலாம். வாயால் ஒரு வார்த்தை, இருதயத்தில் வேறொன்று. அறுபது வயதை எட்டிய, எல்லாவற்றையும் இழந்த ஒரு கிழவியை யார் குற்றம் சொல்லியிருப்பார்கள்? ஆனால் அவள் ஒருத்தி அல்லள் என்பதை அவள் அறிந்திருந்தாள். பாரசீகத்துக்குப் பெயர்க்கப்பட்ட அத்தனை குடும்பங்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அரசி விழுந்தால், அடிமைகளாகக் கிடந்த ஏழைத் தாய்மார் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்? அவள் மறுத்துவிட்டாள்.

1624 செப்டம்பர் மாதத்தில் அவள் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகப்பட்டாள். நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய குறடுகளால் அவள் உடல் வதைக்கப்பட்டது. அந்த வேதனையை விரித்து எழுத எனக்கு மனமில்லை. சிறுவரும் இந்தத் தாளை வாசிக்கிறார்கள். செபித்துக்கொண்டே அவள் உயிர் விட்டாள் என்று அறிந்தால் போதும்.

அப்போது ஷிராசில் அகுஸ்தீனார் சபைக் குருக்கள் இருந்தார்கள். அவர்கள் போர்த்துக்கேயர், கத்தோலிக்கர். அரசியின் சபையோ வேறு. அவளுடைய சரீரம் ஒளிவாய்ப் புதைக்கப்பட்டிருந்தது. சில மாதங்களுக்குப் பின், அம்புரோசியோ சுவாமியும் அவர் தோழரும் அவ்விடத்தைக் கண்டறிந்து, இரகசியமாய் அவளுடைய எலும்புகளை எடுத்து மறைத்து வைத்தார்கள். அகப்பட்டிருந்தால் அவர்கள் உயிர் போயிருக்கும். தங்கள் ஆளுகைக்குள் இல்லாத ஒரு ஸ்திரீக்காக அவர்கள் ஏன் இவ்வளவு துணிந்தார்கள்? கிறிஸ்துவுக்காகச் சிந்தப்பட்ட இரத்தத்தைக் கண்டபோது, அதற்குமேல் அவர்கள் வேறு விசாரணை செய்யவில்லை.

1627-ல் அந்த அருளிக்கத்தின் ஒரு பகுதி கோவாவிலுள்ள அவர்கள் மடத்துக்கு வந்து சேர்ந்தது. மற்றொரு பகுதியை அம்புரோசியோ சுவாமி நீண்ட பயணம் செய்து 1628-ல் ஜார்ஜியாவுக்கே கொண்டுபோய், தெய்முராஸ் அரசனின் கையில் ஒப்புவித்தார். தாயை அனுப்பிவைத்த மகன், பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவளுடைய எலும்புகளைப் பெற்றுக்கொண்டான். அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளுமான நீங்களே எண்ணிப்பாருங்கள். 11-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அலாவெர்தி பேராலயத்தில் அவற்றை அவன் வணக்கமாய் வைத்தான். ஜார்ஜியத் திருச்சபையின் அக்காலத்துத் தலைவரான சக்கரியா அவளை அர்ச்சியசிஷ்டவர்கள் வரிசையில் சேர்த்தார். அவளுடைய திருநாளை அந்நாட்டார் இன்று செப்டம்பர் 26-ல் கொண்டாடுகிறார்கள்.

தெய்முராஸ் நல்ல கவியும் ஆவான். தாயின் பாடுகளை ஒரு காவியமாக அவன் பாடினான். அது ஜார்ஜிய இலக்கியத்தின் பெரிய நூல்களுள் ஒன்று. பின்னாளில் அவனே பாரசீகரின் கையில் சிக்கினான். அவனும் தாயைப்போல் வேதத்தை விட மறுத்து, 1663-ல் சிறையில் இறந்து, அலாவெர்தியில் அடக்கம் செய்யப்பட்டான். அரசியின் புகழ் ஐரோப்பாவிலும் பரவிற்று. ஜெர்மானிய நாட்டுக் கவி கிரிஃபியுஸ் அவளைப்பற்றி எழுதிய நாடகம் 1657-ல் அச்சாயிற்று. லிஸ்பன் நகரிலுள்ள அகுஸ்தீனார் மடத்தின் சுவரில், நீலநிற ஓடுகளில் அவளுடைய வேதசாட்சியம் சித்திரிக்கப்பட்டிருக்கிறது.

ஷா அப்பாசின் கணக்கு என்னவாயிற்று? காகேத்தியைச் சனமற்றதாக்கி, அதன் பெயரையே அழித்துவிட அவன் நினைத்தான். அரசி இறந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில், 1625 மார்ச்சில் ஜார்ஜியர் எழுந்து அவன் படையை முறியடித்தார்கள். பின்னும் பல தோல்விகள் வந்தன. எனினும் 1659-ல் காகேத்தி மக்கள், தங்கள் மண்ணில் குடியேற்றப்பட்டவர்களை அகற்றினார்கள். திராட்சைத் தோட்டங்கள் மீண்டும் தளிர்த்தன. 1801-ல் உருசியப் பேரரசும், 1921-ல் பொதுவுடைமையரும் அந்நாட்டை எடுத்துக்கொண்டார்கள். ஆலயங்கள் பல மூடப்பட்டன. 1991-ல் அது மீண்டும் சுதந்திர நாடாயிற்று. 1999-ல் நம் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும், 2016-ல் பாப்பரசர் பிரான்சிசும் அங்கே சென்று வந்தார்கள்.

பாரசீகத்துக்குப் பெயர்க்கப்பட்டவர்களின் சந்ததியார் இன்றும் ஈரான் நாட்டின் ஃபெரெய்தான் பகுதியில் வாழ்கிறார்கள். 400 ஆண்டுகள் கடந்தும் அவர்கள் வீட்டில் ஜார்ஜிய மொழியைப் பேசுகிறார்கள். ஆனால் முன்னோரின் வேதம் அவர்களிடம் இல்லை, அவர்கள் முகமதியராயினர். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. குருக்களும் ஆலயமும் இல்லாமல் அந்நிய மண்ணில் விடப்பட்ட ஏழைகள் என்ன செய்வார்கள்? எனினும் இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தாலாட்டும் தாய்மொழியும் அடுப்படியிலே காக்கப்பட்டன. எது வீட்டிலே நாள்தோறும் பேசப்பட்டதோ, அது நிலைத்தது. செபமும் அப்படித்தான். கோவிலில் மாத்திரம் இருக்கும் விசுவாசம் கோவில் மூடப்பட்ட நாளில் போய்விடும். வீட்டிலே முழந்தாளிடும் விசுவாசம் நிற்கும்.

இனிக் கோவாவுக்குத் திரும்புவோம். 1835-ல் போர்த்துக்கேய அரசாங்கம் துறவிகளை வெளியேற்றியபோது கிருபை மாதா மடம் பாழாயிற்று. 1842-ல் ஆலயத்தின் மேல்வளைவு இடிந்து விழுந்தது. 1931-ல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பாதியும் சரிந்தன. அக்கோபுரத்திலிருந்த பெரிய மணி பணஜி நகர அமலோற்பவ மாதா ஆலயத்தில் இன்றும் ஒலிக்கிறது. கல்பெட்டியோ மண்ணுக்குள் மறைந்துவிட்டது. 1980-களின் இறுதியிலிருந்து ஜார்ஜியர் தங்கள் அரசியைத் தேடிக் கோவாவுக்கு வரலானார்கள். பழைய போர்த்துக்கேயக் குறிப்புகள், மடத்தின் ஒரு கூடத்தில் இரண்டாவது சாளரத்தின் அருகே அப்பெட்டி இருந்ததாகக் கூறின. நம் நாட்டுத் தொல்லியல் துறையார் அவ்விடிபாடுகளைத் தோண்டி ஆராய்ந்து, 2004-ல் கை எலும்பு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஐதராபாத்திலுள்ள அறிவியல் ஆய்வுக்கூடத்தார் அதன் மரபணுவைச் சோதித்தார்கள். தாய்வழியாக வரும் அந்த மரபணு வகை, 20,000-க்கு மேற்பட்ட இந்தியருடைய மாதிரிகளில் ஒன்றிலும் இல்லை. ஜார்ஜியர் சிலரிடம் இருந்தது. 2014-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை, எலும்பு அரசியினுடையதாகவே இருக்கக்கூடும் என்று முடிவு கூறிற்று.

2017-ல் அவ்வருளிக்கம் ஜார்ஜியாவுக்கு அனுப்பப்பட்டு, மக்கள் திரள்திரளாய் வந்து வணங்கியபின் திரும்பி வந்தது. 2021 சூலை மாதத்தில் நம் வெளியுறவு அமைச்சர் நேரில் சென்று, அதன் ஒரு பகுதியைத் திபிலிசி நகரில் அந்நாட்டாருக்கு நிலையாகவே ஒப்படைத்தார். 1614-ல் தன் நாட்டைவிட்டுப் போன அரசி, 407 ஆண்டுகளுக்குப் பின், அவள் ஒருநாளும் கண்டிராத ஒரு தேசத்தின் கைவழியாய் வீடு திரும்பினாள்.

பிரியமான குடும்பத்தாரே, இவ்வளவும் எழுதியதன் காரணத்தைச் சொல்லி முடிக்கிறேன். பழுக்கக் காய்ச்சிய குறடு நமக்கு முன்னே இல்லை. நமக்கு வருவது சிறிய சோதனை. ஒரு நல்ல சம்பந்தம், ஓர் உத்தியோகம், ஒரு கையெழுத்து. வெளிக்கு மாத்திரம் விட்டுவிடு, மனதுக்குள் வைத்துக்கொள் என்று உறவினர் புத்தி சொல்கிறார்கள். காகிதத்தில் ஒரு பெயரும் கோவிலில் ஒரு பெயருமாக வாழ நேரிட்ட ஏழைகளின் துயரத்தை நான் அறிவேன்; அவர்கள் வருந்துவதையும் அறிவேன். அவர்களை இடித்துரைக்க இதை எழுதவில்லை. அவர்களை அந்நிலைக்குத் தள்ளுகிறவர்களே அதிகக் கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள். ஆனால் நெருக்கடி ஒன்றுமில்லாமலே, வசதிக்காக விட்டுக்கொடுக்கிற நாம் எல்லாரும் அந்த மூதாட்டியின் முன் சற்றே வெட்கப்படவேண்டும். இதை எழுதும் எனக்கும் அந்த வெட்கம் உண்டு.

மேலும், நம் அயலில் உள்ள பிற சபைக் கிறிஸ்தவர்களைப்பற்றி இழிவாகப் பேசும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. ஷிராசில் இரவிலே மண்ணைத் தோண்டிய அந்தக் குருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தங்கள் கத்தோலிக்க விசுவாசத்தில் அணுவளவும் குறையவில்லை. எனினும் அரசியின் எலும்புகளைத் தங்களுக்கென்றே வைத்துக்கொள்ளாமல், அவள் மகனுக்கும் அவள் சபைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அடுத்த முறை கோவாவுக்குப் போகும்போது, அர்ச். சவேரியாரை வணங்கிவிட்டு உடனே வண்டி ஏறிவிடாதீர்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குன்றின்மேல் ஏறுங்கள். உடைந்த கோபுரத்தின் நிழலில் நின்று, கெத்தேவான் அரசியின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஜார்ஜிய நாட்டு மக்களுக்காகவும், கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே மந்தையாவதற்காகவும் ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள். போக இயலாதவர்கள், வருகிற செப்டம்பர் 26-ஆம் தேதி இரவு, வீட்டுச் செபமாலையின் முடிவில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதித்து, உங்கள் வீட்டுச் செபம் ஒருநாளும் அணையாதபடி காப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி